ஐம்பது மில்லிசெகண்ட் எதற்கு

என் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவள். வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பகுதிநேரக் கம்ப்யூட்டர் டீச்சர். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். பார்த்துக்கொள்வது என்றால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும், உலகமெங்கும் ஓடுகிற ஒரு நிரலுக்குள் போய்க் கைவைக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு அணில்.

பள்ளிக்கூடத்து இன்டர்நெட் தலைமையாசிரியை அறையில் இருந்தது. கம்ப்யூட்டர் அறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் இருக்கும் வேப்பமரங்கள் வழியாக ஒரு வயர் இழுத்திருந்தார்கள். அதை அணில் கடித்தது. புது வயர் போட்டார்கள். அதையும் கடித்தது. பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் போட்டார்கள். அணில் முதலில் குழாயைக் கடித்தது, பிறகு வயரைக் கடித்தது. அப்புறம் பழைய மாணவர் ஒருவர் மனமிரங்கி ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைஃபை டாங்கிள் வாங்கிக் கொடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகினால் வயரே இல்லாமல் இன்டர்நெட் வரும். கொடுத்தவர் தங்கமான மனிதர். டாங்கிள்தான் அப்படியில்லை.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் பழசு. அவற்றில் காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸ்தான் ஓடும். அதற்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து வேலை வாங்குகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இன்ன கருவியிடம் இன்னபடி பேச வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுக்கும் துண்டுதான் டிரைவர். கெர்னலோடு சேர்ந்தே வருகிற டிரைவர் என்றால் கவலை இல்லை. கெர்னல் மாறும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். எங்கள் டாங்கிளின் டிரைவர் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. தயாரித்தவர்கள் என்றைக்கோ எழுதி, எங்கேயோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கெர்னல் புதிதானால் அது செத்துப்போகும். கெர்னலோ மாதத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட் வழியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதாவது வைஃபை வழியாக ஒரு அப்டேட் வரும். வந்த அப்டேட் வைஃபையைக் கொல்லும்.

"அப்டேட்ட நிறுத்தி வையி" என்று அக்காவிடம் சொன்னேன்.

"அப்டேட்ட ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாதுன்னு நானே போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். பிள்ளைக பாக்குதுல்ல" என்றாள்.

அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை போன் வரும். "ஏலே, செத்துப்போச்சு" என்பாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, அந்த டிரைவரை ஒட்டுப்போட்டு எழுப்பிவிட்டு வருவேன். வழியெல்லாம் தயாரித்தவர்களைத் திட்டிக்கொண்டே போவேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் கேட்காது.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் தலைமையாசிரியை. அவர் கெட்டவர் இல்லை. அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள்கள் லாரியில் வந்து இறங்கும்போது, அவற்றை வைக்க அவருக்கு இடமில்லை. அவ்வளவுதான்.

அவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், இந்தத் தடவ சைக்கிள வெராண்டாவுல வச்சு, மழையில துருப்பிடிச்சு, பெத்தவங்க வந்து என்னையத்தான் கேட்டாங்க. உங்க ரூம்தான் பெரிசு. அடுத்த ஜூனுக்குள்ள மெஷினெல்லாம் ஒழுங்கா ஓடுச்சுன்னா நான் வேற வழி பாத்துக்கிறேன். ஆனா உங்க தம்பி வந்து ஓட்டிக் காட்டுறது கணக்குல வராது. அவரு வராம ஓடணும்."

அறை போனால் அக்காவின் வேலையும் போகும். கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் தேவையில்லை. சம்பளம் பெரிதில்லை. ஆனால் அக்காவுக்குப் படிப்பு முடிந்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் அத்தானின் உரக்கடையில் பில் போடுகிற வேலை. எல்லாம் மற்றவர்கள் பார்த்துக் கொடுத்தது. இந்த வேலையைத்தான் அவளாகப் போய்க் கேட்டு வாங்கினாள். அது அவளை விட்டுப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் வராமல் ஓட வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருந்தது. அந்த டிரைவர் கெர்னலுக்குள் போக வேண்டும்.

அதற்கு ஆபீஸ் கிடையாது, கவுன்ட்டர் கிடையாது. எழுதிய நிரலை மின்னஞ்சலில் ஒரு பொதுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். உலகமே பார்க்கும். வயர்லெஸ் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவர் அதைப் படித்து, வரிக்கு வரி கீழே தன் கருத்தை எழுதுவார். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அவருக்குத் திருப்தி வரும்வரை இது நடக்கும். திருப்தி வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

அத்தானிடம் இதை விளக்கியபோது கவனமாகக் கேட்டார். "அங்க நமக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் இருக்காகளா மாப்ள?"

"இல்ல அத்தான்."

"மெட்ராஸ்ல யார்கிட்டயாவது சொல்லிப் பாப்பமா?"

"அவிய ஐரோப்பாவுல ஏதோ குளிர்ற ஊர்ல இருக்காக."

அத்தான் யோசித்தார். "திருப்பூர்ல நம்ம பய ஒருத்தன் அங்கிட்டு பனியன் அனுப்புதான். கேக்கட்டுமா?" என்றார். அவர் உண்மையாகவே உதவத்தான் பார்த்தார்.

ஆடி மாதம் வேலையை ஆரம்பித்தேன். தயாரித்தவர்களின் நிரலை அப்படியே அனுப்ப முடியாது. கெர்னல்காரர்களுக்கு எழுத்து நடை முதற்கொண்டு விதி இருக்கிறது. முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டு திருப்பி எழுத வேண்டும். படித்தேன். புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு இடம். டாங்கிளுக்குள் அதன் சொந்த நிரலை ஏற்றி முடித்ததும், ஐம்பது மில்லிசெகண்ட் சும்மா இரு என்று ஒரு வரி. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: தொடாதே. ஏன் தொடக் கூடாது என்று எழுதியவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. நானும் தொடவில்லை.

தீபாவளி கழிந்து முதல் மின்னஞ்சலை அனுப்பினேன். சில நிமிடங்களில் பதில் வந்துவிட்டது. அவசரமாகத் திறந்தால், அனுப்பியது ஒரு இயந்திரம். வரிகளுக்கு முன்னால் நான் விட்ட இடைவெளி தப்பு என்றது. சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி என்று அந்த இயந்திரத்துக்கு ஒரு பதில் எழுதினேன். அது தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த நன்றியும் உலகம் பார்க்கும் இடத்தில் இன்னும் இருக்கிறது.

அடுத்து பொறுப்பாளர் எழுதினார். இவ்வளவு பெரிதாக அனுப்பினால் யாராலும் படிக்க முடியாது, பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்புங்கள் என்றார். பிரித்து அனுப்பினேன். அதன் பிறகு மார்கழி வரை சத்தமே இல்லை. மார்கழியில் ஒரு சாயங்காலம் நீளமான பதில் வந்தது. அதில் பாதி கேள்விகள்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மில் மேனேஜருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவர் ஷெட்டுக்குள் நடந்து வரும்போது நூல் சுற்றிய ஒரு கோனைப் பார்த்து, "இந்தக் கோன் எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்பார். யாரும் காரணம் சொல்வதில்லை. அவர் ஷெட்டைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் கோன் அங்கே இருக்காது. வீட்டில் அப்பாவும் அப்படித்தான். "லைட்டு எதுக்கு எரியுது?" என்றால் அணைக்க வேண்டும். இருட்டாக இருப்பதால் எரிகிறது என்று பதில் சொல்லக்கூடிய பிள்ளை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. பெரியவர்கள் கேட்டால் அது கேள்வி இல்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குப் பெயர்தான் வளர்ப்பு.

பொறுப்பாளர் கேட்டிருந்தார்: "இந்த ஐம்பது மில்லிசெகண்ட் காத்திருப்பு எதற்குத் தேவை?"

நான் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

"இந்தச் சரிபார்ப்பை இரண்டு இடத்தில் செய்வது ஏன்?" ஒரு இடத்தில் எடுத்தேன். "இந்த வேரியபிளுக்கு ஏன் இந்தப் பெயர்?" பெயரை மாற்றினேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் திருத்திவிட்டேன் என்று மரியாதையாக எழுதி அடுத்த பதிப்பை அனுப்பினேன். அவர் எதையும் சொல்லவே இல்லை, கேட்கத்தான் செய்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. ராஜபாளையத்தில் என் வீட்டு மேஜையில் புதுக் கம்ப்யூட்டரில் டாங்கிளைச் செருகிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது.

தை மாதம் அவரிடமிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டேன், நன்றி என்றார். அடுத்து வெளியாகப்போகும் கெர்னலில் எங்கள் டிரைவர் இருக்கும். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் கடையில் உரம் வாங்க நின்றவர்களிடம் எல்லாம், "நம்ம மாப்ள எழுதுனது இனிமே ஒலகம் பூரா போவுது" என்றார். வ. புதுப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர், "எந்தப் பூச்சிக்கு?" என்று விசாரித்தாராம்.

வெளியாகுமுன் சோதித்துப் பார்க்க ஒரு முன்னோட்டப் பதிப்பு கிடைக்கும். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இதுதான் நான் கடைசியாக வருவது என்று அக்காவிடம் ஜம்பமாகச் சொன்னேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றி, அணைத்துப் போட்டோம்.

பாதி கம்ப்யூட்டர்களில் வைஃபை வந்தது. பாதியில் வரவில்லை.

அக்கா வராத கம்ப்யூட்டர்களை மறுபடி அணைத்துப் போட்டாள். டாங்கிளைக் கழற்றி, ஊதி, செருகினாள். முன்பு வந்ததில் ஒன்று வராமல் போனது. வராததில் ஒன்று வந்தது. பிறகு பிள்ளைகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வேலை போயிரும்லே" என்றாள். அழவில்லை. கரன்ட் போயிரும் என்பது போலச் சொன்னாள். எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தயாரிச்சவன் எழுதுனது மோசந்தான். ஆனா அது எழுந்திரிச்சா எல்லா மெஷின்லயும் எழுந்திரிக்கும்ல? நீ அதுல என்னத்த மாத்துன?" என்று கேட்டாள். நான் பொறுப்பாளரோடு நடந்த மின்னஞ்சல்களைக் காட்டினேன். அவள் டீச்சர். விடைத்தாள் பார்க்கிறவள். ஒவ்வொன்றாக, விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். காத்திருப்புக் கேள்வியில் விரல் நின்றது.

"இது எதுக்குத் தேவைன்னு கேக்காரு."

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"எடுத்துட்டேன்."

"எதுக்குத் தேவைன்னு கேட்டா, எதுக்குன்னுதான சொல்லணும்? எடுன்னு அவரு எங்க சொல்லிருக்காரு?"

"அவரு கேட்டுட்டாருல்லக்கா. அப்பறம் எப்படி வச்சிக்கிட்டிருக்க?"

"ஏலே, என் கிளாஸ் பிள்ளைகளும் இப்படித்தான். எப்படி இந்த விடை வந்துச்சுன்னு கேட்டாப் போதும். ஒடனே ரப்பர எடுத்து அழிச்சிருதுக. சரியா எழுதினதையும் அழிச்சிருதுக. அதுகளாவது ஏழாங்கிளாஸ்" என்றாள். இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மீது இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் மனிதர் மீது. வேண்டுமா வேண்டாமா என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே, இதென்ன கேள்வி கேட்டு ஆளைக் கொல்வது என்று கத்தினேன். அந்த மனிதர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டிருக்கிறார் என்பது கத்தி முடித்த பிறகுதான் புரிந்தது. அப்படி என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை.

காத்திருப்பு எதற்கு என்று கண்டுபிடிப்பது அக்காவின் பொறுப்பாக ஆனது, ஏனென்றால் கம்ப்யூட்டர்கள் அவளிடம்தான் இருந்தன. பள்ளி விட்ட பிறகு தினமும் இருந்து சோதித்தாள். காத்திருப்பே இல்லாமல் ஒரு தடவை, கொஞ்சம் வைத்து ஒரு தடவை, கூட வைத்து ஒரு தடவை. விடை எளிமையாகத்தான் இருந்தது. டாங்கிளுக்குள் அதன் நிரலை ஏற்றியதும் அது தூங்கி எழுந்ததைப் போல ஒரு கணம் தடுமாறுகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் மெல்லத்தான் ஏறுவதால் தடுமாற்றம் கூட. அதற்குள் கெர்னல் அதனிடம் பேசினால் அதன் காதில் விழுவதில்லை. என் மேஜையிலிருந்த புதுக் கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஐம்பது மில்லிசெகண்ட் பொறுத்தால் எல்லாவற்றிலும் எழுந்துவிடுகிறது. தொடாதே என்று எழுதியவர் இந்த மூன்று வரியை எழுதியிருந்தால் நான் அந்த வரியை எடுத்திருக்கவே மாட்டேன்.

பதில் எழுதுவதுதான் பாடாக இருந்தது. என் முதல் வரைவு ஒரு பக்கம். அதில் முக்கால் பக்கம் மன்னிப்பு. தங்கள் பொன்னான நேரத்தை வீணடித்துவிட்டேன் என்று ஆரம்பித்திருந்தேன். அக்கா படித்துவிட்டு, "இதுல காரணம் எங்க இருக்கு?" என்றாள். கடைசிப் பத்தியில் இருக்கிறது என்றேன். அந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அழித்தாள். பிறகு மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: இந்தக் காத்திருப்பு தேவை, எடுத்தது தவறு.

பெரியவர் ஒருவருக்கு, உலகம் பார்க்க, தேவை என்று எழுதுவதா? அனுப்பும் பட்டனை அழுத்த எனக்குக் கை வரவில்லை. அக்காதான் அழுத்தினாள்.

பதில் மறுநாள் சாயங்காலமே வந்தது. திட்டு எதுவும் இல்லை. தான் தேடியது இந்த விளக்கத்தைத்தான், இதையே நிரலுக்குள் குறிப்பாக எழுதி அந்த வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்புங்கள் என்றார். இரண்டு இடத்தில் செய்த சரிபார்ப்பை எடுத்தது சரிதான், அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: இவ்வளவு பொறுமையாகச் சோதித்தவர் யார், அவர் பெயரைச் சேர்க்கலாமா?

நான் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "இனிஷியலோட போடணுமா?" என்று கேட்டாள். போடலாம் என்றேன். "அப்பா இனிஷியலா, அத்தான் இனிஷியலா?" என்றாள். அவளுக்குப் பிடித்ததைப் போடலாம் என்றேன். "வெறும் பேரு மட்டும் போடு" என்றாள்.

அந்தத் திருத்தம் பங்குனியில் சேர்ந்தது. வைகாசியில் அந்தக் கெர்னல் வெளியானது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் புதுக் கெர்னலை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும்படி முன்பே மாற்றி வைத்திருந்தேன். பள்ளி திறந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை அப்டேட். அன்று தலைமையாசிரியை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சைக்கிள் லாரியும் அன்றுதான் வருகிறது.

"நீ இங்கிட்டு வரவே வராத. வாசல்ல ஒன் பைக்கப் பாத்தாலே அவிய கணக்குல எடுக்க மாட்டாக" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நான் மில்லில் இருந்தேன். போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வழக்கமாக அப்டேட் முடிந்த கையோடு போன் வந்துவிடும். வரவில்லை. மத்தியானம் ஆனது. பிரிண்டரில் பேப்பர் சிக்கியது, எடுத்துவிட்டேன். ஓடியிருந்தால் சந்தோஷத்தில் கூப்பிட்டிருப்பாள், ஓடாமல் போனதால்தான் கூப்பிடவில்லை என்று தோன்றியது. அறையிலிருந்து கம்ப்யூட்டர்களைத் தூக்கி வெளியே வைத்துக்கொண்டிருப்பாள். தூக்குவதற்கு யாரையும் கூப்பிட மாட்டாள், தானே தூக்குவாள். என்னால் பொறுக்க முடியவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் இரும்பு மோதும் சத்தம்.

"என்னலே?"

"என்னாச்சுக்கா?"

"சைக்கிள் வந்திருக்கு. எறக்கிக்கிட்டிருக்கோம். தார்ப்பாய் கட்ட ஆளில்ல, நான் ஒரு முனையப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். பொறவு பேசுதேன்."

"ரூம்லயா அடுக்குறாக?"

"வெராண்டாவுலலே." அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரூம்ல எப்படி அடுக்க? பிள்ளைக உக்காந்திருக்குல்ல."

"அப்ப வைஃபை?"

"அதுக்கென்ன?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அது தன்பாட்டுக்கு ஓடியதில் அவள் வைஃபையை மறந்தே போயிருந்தாள். என் வேலையை யாரும் அதுவரை அவ்வளவு பாராட்டியதில்லை. நான் மில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.